வயிற்றையும் விசாரியுங்கள்

சென்ற தை மாதத்தில், கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்திற்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பையன், பரிமாறுகிறவர் சாதத்தைப் போட்டுப் பருப்பும் நெய்யும் விட்டு நகர்ந்ததும், சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்து, அதிலிருந்து ஐந்து கேப்ஸ்யூல்களை எண்ணி, இலையின் ஓரத்தில் உப்பு வைத்திருந்த இடத்திற்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துக்கொண்டான். முதற் கவளத்திற்கு முன்னால் மூன்று. ரசம் வந்தபோது மீதி இரண்டு. பாயசத்தை ருசித்துச் சாப்பிட்டான். அரைமணி நேரத்திற்குப் பிறகு பார்த்தால், திண்ணையின் கோடியில் தூணில் சாய்ந்து, அடிவயிற்றின் வலப்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, கல்யாணச் சந்தடியில் யாரும் தன்னைக் கவனிக்கக் கூடாதே என்னும் பாவனையில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னப்பா, வயிற்றை வலிக்கிறதா?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லை மாமா, எப்போதும் போலத்தான்" என்றான்.

அந்த "எப்போதும் போலத்தான்" என்னும் சொல் என்னை விட்டுப் போகவில்லை. இந்தக் கட்டுரை எழுத நேர்ந்ததற்கு அதுவே காரணம்.

பையனுக்கு இருப்பது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை வியாதி. தாய் தந்தை இருவரிடமும் ஒரே மரபணுவின் பழுதுபட்ட பிரதி ஒவ்வொன்று மறைந்திருந்து, அவர்கள் இருவரும் பூரண ஆரோக்கியத்தோடு நடமாடிக்கொண்டிருக்க, இரண்டு பழுதும் ஒரு குழந்தையிடம் வந்து கூடும்போது, அதாவது நாலில் ஒரு பங்கு சாத்தியத்தில், இவ்வியாதி தோன்றுகிறது. ஏழாவது குரோமோசோமில் உள்ள அந்த மரபணு 1989-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அது சரியாக இருந்தால், உயிரணுக்களின் சுவரில் குளோரைடு என்னும் உப்புக் கூற்றையும், அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டையும் வெளியே விடுகிற ஒரு வாயில் அமைகிறது. பழுதானால் அந்த வாயில் திறப்பதில்லை. உப்பு போகாத இடத்திற்கு நீரும் போகாது. நீரில்லாத இடத்தில் சளி பசைபோல் இறுகிவிடுகிறது. சுவாசகோசத்தில் இறுகிய சளியில் கிருமிகள் குடியேறுகின்றன. கணையத்தின் நுண்ணிய குழாய்கள் அடைபட்டு ஜீரண ரசங்கள் குடலுக்கு வந்து சேராமற் போகின்றன; அந்த ரசங்களுக்கு ஈடாகத்தான் பையன் பந்தியில் கேப்ஸ்யூல்களை விழுங்கினான். குடலிலோ, உண்ட உணவு வழுக்கிச் செல்ல வேண்டிய பாதை, வறண்ட வாய்க்காலாகிறது.

இவ்வியாதியைப் பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் பெரும்பாலும் சுவாசகோசத்தையே பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். அதில் தவறில்லை, இந்நோயாளிகளில் பெரும்பாலோரின் உயிரைப் பறிப்பது சுவாசகோசத்தின் சீரழிவே. ஆனால் அதற்கு வேறொரு காரணமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மூச்சுக்கு ஓர் அளவுகோல் உண்டு. குழாயில் ஊதச் சொன்னால் கருவி ஓர் எண்ணைக் காட்டுகிறது. சென்ற தடவை எழுபது, இந்தத் தடவை அறுபத்தைந்து என்று குறித்துக்கொண்டு வைத்தியர் கவலைப்படலாம், மருந்தை மாற்றலாம். வயிற்றுக்கு அப்படி ஓர் எண் இல்லை. வலி, உப்புசம், குமட்டல், பசியின்மை, நாலு நாளாக வெளிக்குப் போகாமை, போனால் எண்ணெய் மிதக்கும் மலம் ஆகிய இவையெல்லாம் நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. எண்ணால் அளக்கப்படாத துன்பம் வைத்தியக் குறிப்பேட்டில் இடம் பெறாமலே போய்விடுகிறது என்பதும், இடம் பெறாத துன்பத்திற்குச் சிகிச்சையும் பிறப்பதில்லை என்பதுமே என்னுடைய முறையீடு.

இத்தனைக்கும், இவ்வியாதி தன் பெயரையே வயிற்றிலிருந்துதான் பெற்றது. நியூயார்க்கில் குழந்தைகள் வைத்தியசாலை ஒன்றில் நோய்க்குறி ஆராய்ச்சி செய்துவந்த டாரதி ஆண்டர்சன் என்னும் அம்மையார், பெண் என்ற ஒரே காரணத்தால் சத்திரசிகிச்சைப் பயிற்சி மறுக்கப்பட்டு, இறந்தோரின் உடலை ஆராயும் துறைக்குப் போனவர். கோதுமைச் சத்து ஒவ்வாமையால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒரு குழந்தையின் உடலைத் திறந்து பார்த்தபோது, கணையம் முழுவதும் சிறு சிறு நீர்ப்பைகளும் நார்த்திசுவுமாக மாறிக் கிடப்பதைக் கண்டார். அதேபோன்ற பல குழந்தைகளின் விவரங்களைச் சேகரித்து 1938-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், கணையத்தின் நிலையை வருணித்து இட்ட பெயரே இன்றளவும் நிலைத்துவிட்டது. அதற்கும் முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1905-இல், வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர், பிறந்த சிசுவின் முதல் மலம் தார்போல் இறுகிச் சிறுகுடலை அடைத்துவிட்ட ஒரு நிகழ்ச்சியையும் அதே சிசுவின் கணையக் கோளாற்றையும் சேர்த்துக் குறித்திருந்தார். ரத்த வகைகளைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்றவரும் இவரேதான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸோடு பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை, உலகத்தைப் பார்த்த முதல் இரண்டு நாட்களிலேயே இந்த அடைப்போடு போராடுகின்றன. ஆகவே பலருக்கு இவ்வியாதியின் முதல் அத்தியாயமே குடலில்தான் ஆரம்பமாகிறது.

குடல் என்பது உணவு தானாக வழிந்து போகும் வெறுங்குழாய் அன்று. அதன் தசைகள் மேலிருந்து கீழாக அலைபோல் சுருங்கி விரிந்து, உணவைப் பிசைந்து, ரசங்களோடு கலந்து, சரியான வேகத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வேகம் மிகுந்தால் சத்து ஏறாது. குறைந்தால் உணவு தேங்கிப் புளித்து, கிருமிகள் பெருகி, வாயு உண்டாகி, வயிறு மத்தளமாகும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் இந்தத் தள்ளும் வேலை பல முனைகளில் ஒரே சமயத்தில் கெடுகிறது. இரைப்பை தன் சுமையைக் குடலுக்கு இறக்கத் தாமதிக்கலாம். குடலின் உட்சுவர் நீரின்றிப் பசையாக இருப்பதால், தசை தள்ளினாலும் உள்ளிருப்பது எளிதில் நகர்வதில்லை. கணைய ரசம் வராமையால் ஜீரணமாகாத கொழுப்பு சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை வந்து சேர, "இன்னும் உணவு ஜீரணமாகவில்லை, மேலே நிறுத்துங்கள்" என்று உடம்பே இயல்பாக இடும் தடை அங்கிருந்து பிறந்து, ஏற்கெனவே மந்தமான பாதையை மேலும் மந்தமாக்குகிறது. பைகார்பனேட் இல்லாமையால் இரைப்பையின் அமிலம் தணியாமலே குடலுக்குள் இறங்குகிறது. அமிலம் குறைந்த இடத்தில் கரைய வேண்டும் என்று உறையிட்டுச் செய்த கேப்ஸ்யூல், அந்த இடத்தைக் காணாமல் வெகுதூரம் போன பிறகே கரைகிறது. அதனால் மறுபடியும் கொழுப்பு மீதம், மறுபடியும் தடை. ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைக்கும் இந்தச் சங்கிலியில் எது முதல், எது முடிவு என்று பிரித்துச் சொல்வது நிபுணர்களுக்கே கடினமாக இருக்கிறது.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் நோயாளிகளைப் படுக்கவைத்து, உணவு உண்டபின் குடலில் நடப்பதை நாள் முழுவதும் மணிக்கணக்காகப் படம் பிடித்தார்கள். பன்னிரண்டு நோயாளிகள், பன்னிரண்டு ஆரோக்கியமானவர்கள் என்று சிறிய ஆராய்ச்சிதான். வாயில் போட்ட உணவு பெருங்குடலின் வாசலை எட்ட ஆரோக்கியமானவர்களுக்குச் சாமானியமாக 210 நிமிஷம் ஆயிற்று. நோயாளிகளுக்கு 330 நிமிஷம். மூன்றரை மணியில் முடிய வேண்டிய யாத்திரை ஐந்தரை மணி பிடிக்கிறது என்றால், காலையில் தின்ற இட்லி வழியிலேயே இருக்க மத்தியானச் சாப்பாடு அதன்மேல் வந்து விழுகிறது என்று அர்த்தம். "சாப்பிடவே பிடிக்கவில்லை, வயிறு நிறைந்தே இருக்கிறது" என்று குழந்தை சொல்லும்போது அதைச் சாக்கு என்று நினைத்து அதட்டுகிற தாய்மார்கள் இந்த இரண்டு எண்களையும் அறிந்திருந்தால், தட்டைத் தள்ளிவைக்கும் அந்தச் சின்னக் கையின்மேல் அவர்களுக்குக் கோபம் வராது.

இந்தத் தேக்கத்தின் மிகக் கடுமையான வடிவம் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் சந்தியில் நேர்கிறது. அடிவயிற்றின் வலப்பக்கத்தில், நான் கண்ட பையன் கையால் அழுத்திக்கொண்டிருந்த அதே இடத்தில், மலமும் பசைச்சளியும் சேர்ந்து கட்டியாகி வழியை அடைத்துவிடும். சாதாரண மலச்சிக்கல் வேறு, இது வேறு. மலச்சிக்கல் பெருங்குடலில் நாளடைவில் சேருவது. இது சிறுகுடலின் கடைசியில் திடீரென்று நேர்வது, வலியும் வாந்தியும் கூடவே வரும். வேளையில் கண்டுகொண்டால், நரம்பின் வழியாக நீரேற்றியும், குடலைக் கழுவும் பேதிமருந்தை நிறைய நீரில் கலந்து குடிக்கச் செய்தும், கத்தி படாமலே பெரும்பாலும் தீர்த்துவிடலாம். ஆனால் வலப்பக்கத்து அடிவயிற்று வலி என்றவுடன் குடல்வால் அழற்சி என்று தீர்மானித்துச் சத்திரசிகிச்சை மேஜைக்கு அனுப்பிவிடும் அபாயம் எந்த ஊர் அவசரப் பிரிவிலும் உண்டு. இந்நோயாளி எவரும், தன் வியாதியின் பெயரையும் இந்த அடைப்பின் சாத்தியத்தையும் எழுதிய ஒரு சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொள்வது நலம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

நம் நாட்டிற்கு இங்கே ஒரு விசேஷம் இருக்கிறது. இவ்வியாதிக்காரர்களின் வியர்வை மிகவும் உப்பானது. 1948-ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் நகரம் வெயிலில் தகித்தபோது, இக்குழந்தைகள் பலர் உப்பையும் நீரையும் இழந்து சுருண்டு விழுந்ததைக் கவனித்துத்தான் பால் டி சான்ட் அக்னீஸ் என்னும் வைத்தியர் அந்த உண்மையைக் கண்டறிந்தார். வியர்வையின் உப்பை அளந்தே இன்றும் இவ்வியாதியை நிச்சயிக்கிறார்கள். நியூயார்க்கில் ஒரு கோடையில் நேர்ந்தது நம் ஊரில் ஆண்டுதோறும் நேரக்கூடியது. கத்திரி வெயிலில் பள்ளி மைதானத்தில் ஒரு மணி நேரம் ஓடிய பிள்ளைக்கு உடம்பின் நீர் வற்றினால் குடலின் நீரும் வற்றுகிறது; குடலடைப்புக்கு நீர்வறட்சி ஒரு முக்கியமான தூண்டுகோல். வைத்தியர் சொன்ன அளவில் உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ கையோடு கொடுத்தனுப்புவது நம் தாய்மார்களுக்குப் புதிய வித்தை அன்று. அது சிகிச்சையின் ஓர் அங்கம் என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வயிறு வேறு, மூச்சு வேறு என்று எண்ணுவதும் பிழை. இரைப்பை மெதுவாகக் காலியானால் உணவும் அமிலமும் மேலே எதுக்களித்து, தூக்கத்தில் துளித்துளியாகச் சுவாசக்குழாயில் கசிந்து, ஏற்கெனவே புண்பட்ட இடத்தை மேலும் புண்படுத்தலாம். முற்காலத்தில் கைக்குழந்தைகளைத் தலைகீழாகச் சாய்த்து முதுகில் தட்டிச் சளியை வடியச் செய்வது வழக்கமாக இருந்தது. அப்படிச் சாய்ப்பதே எதுக்களிப்பை அதிகமாக்குகிறது என்று ஆஸ்திரேலியாவில் 1990-களில் கண்டபிறகுதான் அந்த முறை கைவிடப்பட்டு வந்தது. வயிற்றைக் கேட்காமல் மூச்சுக்குச் செய்த உபகாரம் மூச்சுக்கே அபகாரமாக முடிந்ததற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

வயிற்றைச் சரியாகப் போஷித்தால் ஆயுளே நீளக்கூடும் என்பதற்கும் சான்று உண்டு. கனடாவில் டொரான்டோ நகரத்து வைத்தியர்கள், கொழுப்பைக் கண்டு அஞ்சிய பழைய பத்தியத்தை ஒதுக்கிவிட்டு, வேண்டிய அளவு கேப்ஸ்யூலோடு வெண்ணெயும் பாலும் தாராளமாகச் சாப்பிடும்படி நோயாளிகளுக்குச் சொன்னார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வைத்தியசாலை அக்காலத்தில் கொழுப்பைக் குறைத்தே கொடுத்துவந்தது. 1988-இல் இரண்டு ஊர்க் கணக்கையும் ஒப்பிட்டபோது, சுவாசகோசத்தின் திறன் இரு இடத்திலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க, நோயாளிகளின் சராசரி ஆயுள் பாஸ்டனில் 21 ஆண்டும், டொரான்டோவில் 30 ஆண்டுமாக இருந்தது. அது முதல் நிறைய உண்பது சிகிச்சையாயிற்று. ஆனால், மந்தமான குடலை உடையவனை நிறைய உண்ணச் சொல்வது எத்தனை கொடிய கட்டளையாகவும் ஆகக்கூடும் என்பதை, திண்ணையில் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தபோதுதான் நான் உணர்ந்தேன்.

வலி வந்தபோதெல்லாம் கேப்ஸ்யூலை ஒன்று கூட்டிப் போடுகிற பழக்கமும் பல குடும்பங்களில் உண்டு. அதற்கும் எல்லை இருக்கிறது. மிக அதிகமான அளவு உண்ட குழந்தைகள் சிலருக்குப் பெருங்குடல் தடித்துச் சுருங்கிவிட்டதை 1994-இல் இங்கிலாந்தில் கண்டார்கள். அதன் பிறகே, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குப் பத்தாயிரம் யூனிட்டைத் தாண்டக் கூடாது என்னும் வரம்பு ஏற்பட்டது. வலி ஜீரணக் குறைவால் வந்ததா, அசைவுக் குறைவால் வந்ததா என்று விசாரித்து அறியாமல் மருந்தைக் கூட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

இப்போது புதிய மருந்துகள் வந்திருக்கின்றன. பழுதுபட்ட அந்த வாயிலையே ஓரளவு திறக்கச் செய்யும் மும்மருந்துக் கூட்டு ஒன்றை அமெரிக்க அரசாங்கம் 2019 அக்டோபரில் அனுமதித்தது. மூச்சுத் திணறலோடு நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் மலையேறப் போகிறார்கள் என்றால் அது விஞ்ஞானத்தின் மகத்தான சாதனை. ஆனால் அதை உண்பவர்களின் வயிற்றுத் தொல்லை, மூச்சு தேறிய அளவுக்குத் தேறவில்லை. சிறு அபிவிருத்தி உண்டு. முழு நிவாரணம் இல்லை. பிறவியிலேயே அழிந்த கணையம் பெரியவர்களுக்குத் திரும்பி வளர்வதில்லை. பல ஆண்டுகள் தேக்கத்திற்குப் பழகிய குடலும் ஒரே நாளில் தன் சுபாவத்தை மாற்றிக்கொள்வதில்லை. மேலும், அந்த மருந்தின் விலை அமெரிக்காவில் ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல் இருக்கிறது. நம் ஊர்க் குடும்பம் ஒன்று அதைக் கனவிலும் தொட முடியாது. நம் பிள்ளைகளுக்குக் கேப்ஸ்யூலும், நீரும், உப்பும், உணவும், கவனமுமே மருந்து.

துன்பப்படுகிறவர்களையே கேட்டால் என்ன சொல்வார்கள்? இங்கிலாந்தில் அதையும் செய்து பார்த்தார்கள். 1747-இல் கப்பலில் எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்து ஸ்கர்வி நோயைச் சோதித்த ஜேம்ஸ் லிண்டின் பெயர் தாங்கிய ஒரு ஸ்தாபனத்தின் முறைப்படி, நோயாளிகளையும் குடும்பத்தாரையும் வைத்தியர்களையும் ஒருங்கே சேர்த்துக்கொண்டு, இவ்வியாதியில் இனி எதை ஆராய வேண்டும் என்று கேட்டு, முதல் பத்துக் கேள்விகளை 2017-இல் தொகுத்தார்கள். முதலாவது, தினமும் செய்ய வேண்டிய சிகிச்சைகளின் பாரத்தை எப்படிக் குறைப்பது என்பது. இரண்டாவதாக வந்தது, வயிற்று வலி, உப்புசம், குமட்டல் ஆகியவற்றை எப்படித் தணிப்பது என்பது. ஆராய்ச்சிப் பணத்தின் பெரும்பகுதி எங்கே போய்க்கொண்டிருந்ததோ அந்தத் திசையை விட்டு, நோயாளிகள் தங்கள் வயிற்றைச் சுட்டிக் காட்டினார்கள். நாட்டிங்ஹாமில் எம்.ஆர்.ஐ. படம் பிடித்த வேலையும் இந்தச் சுட்டலின் தொடர்ச்சிதான்.

இது வெள்ளையர்களின் வியாதி, நமக்கு வராது என்னும் எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. அதன் பலனாக எத்தனை குழந்தைகள் போஷாக்கின்மை என்றும், பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்றும், குடற்பூச்சி என்றும் மருந்து தின்று மறைந்தார்களோ, கணக்கில்லை. என் சிநேகிதரின் மருமானாகிய அந்தப் பையனுக்கே ஏழாம் வயதில்தான் உண்மை தெரிந்தது. அதுவரை ஒரு வைத்தியசாலையில் இரண்டு தடவை காசநோய்க்கு மருந்து கொடுத்திருந்தார்கள். இன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலும் இவ்வியாதிக்கென்றே தனிக் கவனம் இருக்கிறது. வியர்வைச் சோதனையை மலிவாகச் செய்யும் கருவியை டில்லியில் நம் வைத்தியர்களே அமைத்திருக்கிறார்கள். அந்தச் சோதனை ஜில்லாத் தலைநகரங்களின் அரசாங்க வைத்தியசாலைகளுக்கும் வர வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறாமல், எண்ணெய்ப் பசையோடு துர்நாற்றமுள்ள மலம் போகும் குழந்தையைப் பார்க்கிற எந்த வைத்தியரும், முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறதா என்று தாயைக் கேட்கும் பழக்கத்தை மேற்கொள்ள வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு கேட்க வேண்டியவையும் உண்டு. நம்மவர்கள் மலத்தைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறவர்கள். பருவம் வந்த பிள்ளைகள் பெற்ற தாயிடமே சொல்வதில்லை. பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் நாற்றத்தை மற்றவர்கள் கேலி செய்வார்களே என்று அஞ்சி, பகல் முழுவதும் அடக்கிக்கொண்டும், அதற்காகவே தண்ணீர் குடிக்காமலும் இருக்கிற பெண் குழந்தைகள் எத்தனை பேர்! குடிக்காத தண்ணீர் குடலை மேலும் வறளச் செய்கிறது என்பதை அவர்களுக்கு எவர் சொல்வது? வைத்தியர் கேட்டால் ஒழிய இவை வெளிவரா. வயிறு எப்படி என்று பொதுவாகக் கேட்டால் போதாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை, கடைசியாக எப்போது, மிதக்கிறதா, எந்த இடத்தில் வலிக்கிறது, சாப்பிடுவதற்கு முன்னாலா பின்னாலா, பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குப் போகிறாயா என்று தமிழில், பொறுமையாக, ஒவ்வொரு வருகையிலும் கேட்க வேண்டும். ஊதும் குழாயின் எண்ணுக்குப் பக்கத்தில் இந்தப் பதில்களையும் எழுத ஒரு பத்தி இருக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்துப் பையனின் தாயாரைச் சந்தித்தேன். புதிதாகப் பார்த்த வைத்தியர் அம்மாள் ஒருவர், அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பையனோடு மட்டும் அரைமணி நேரம் பேசினாராம். உள்ளே போய்ப் பார்த்தபோது, வயிற்றின் படம் ஒன்றை வரைந்து, வலிக்கும் இடத்தில் பையனே பென்சிலால் வட்டமிட்டிருந்தானாம். மூன்று வருஷமாக வாரத்திற்கு இரண்டு நாள் இந்த வலி இருப்பதாக அவன் எழுதிக் கொடுத்திருந்தான். "மூணு வருஷம் அண்ணா, என் பக்கத்திலேதான் படுத்துண்டிருந்தான், எனக்குத் தெரியலையே" என்று அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது தினமும் காலையில் ஒரு பொட்டலம் மருந்துப் பொடியைப் பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறானாம். பள்ளிக்குப் போகும் பையில் இரண்டு பாட்டில் தண்ணீர் இருக்கிறதாம்.